நீங்கள் கட்டிய வட்டி

ஜெராக்ஸ் கடைக்காரர் வங்கியின் வட்டிச் சான்றிதழை அச்செடுத்து நீட்டினார். காகிதம் இன்னும் சூடாக இருந்தது. நம் கவிதாவின் கல்விக் கடனுக்கு இதுதான் கடைசிச் சான்றிதழ். இதைக் காட்டினால் நான் கட்டிய வட்டியை என் வருமானத்தில் கழித்துவிட்டு மீதிக்கு வரி கட்டினால் போதும். கடைசி என்றதும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. ஆனாலும் இதை வேறு யாரிடம் சொல்ல?

கடன் வாங்கியபோது காரைக்குடி வங்கியில் சம்பளச் சீட்டு கேட்டார்கள். விவசாயியான உங்களிடம் ஏது சீட்டு? பள்ளத்தூரில் ஆசிரியையாக இருந்த நான்தான் மகளோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும், "கையெழுத்த நீ போட்டுட்ட. வட்டிய நான் கட்டுறேன், உன் சம்பளத்தத் தொடாத," என்றீர்கள். நெல் விற்றாலும் கடலை விற்றாலும் முதலில் வங்கிக்குத்தான் பஸ் ஏறுவீர்கள். அன்றைக்கு மட்டும் சலவைச் சட்டை. "பொண்ணு பாக்கப் போறீகளாக்கும்?" என்று கேலி செய்வேன். "பொண்ணு படிப்புக்குப் போறேன்ல," என்பீர்கள்.

பிறகு ஒரு வருடம் ஆடிட்டரிடம் கணக்குக் கொடுக்க நீங்களும் கூட வந்தீர்கள். "டீச்சர், விவசாய வருமானத்துக்கு வரியே கிடையாது. அதுல கட்டுன வட்டியக் கழிக்க முடியாது. உங்க சம்பளத்துல இருந்து கட்டுனாத்தான் கழிவு," என்றார் அவர்.

"அப்ப நான் கட்டுனது செல்லாதா?" என்று கேட்டீர்கள்.

அவர் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "அதான் சொல்றாருல்ல, வீணாப் போச்சுன்னு. இனிமே நானே கட்டிக்கிறேன். நீங்க பேசாம இருங்க."

பேசாமல்தான் இருந்தீர்கள். அடுத்த மாதத்திலிருந்து வட்டியை என் சம்பளக் கணக்கிலேயே பிடித்தார்கள், வரியும் குறைந்தது. கணக்குப்படி நான் செய்தது சரிதான். ஆனால் ஆடிட்டர் ஆபீசில் அத்தனை பேர் உட்கார்ந்திருந்த இடத்தில், நீங்கள் பாடுபட்ட பணத்தை வீண் என்று சொன்னதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்தாவது ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். வரி மிச்சமான சந்தோஷத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

கடன் முடிந்ததைச் சொல்ல நேற்று கவிதாவைக் கூப்பிட்டேன். "மொதல்ல அப்பாதான் கட்டுனாக, தெரியுமா?" என்றேன்.

"தெரியும்மா. கட்டுன அன்னைக்கெல்லாம் பேங்க் வாசல்ல நின்னே போன் பண்ணுவாக. 'கட்டிட்டேன் ஆத்தா, நீ கவலையில்லாமப் படி'ம்பாக."

நீங்கள் என்னிடம் இதைச் சொன்னதே இல்லை. அவளே மேலும் கேட்டாள்: "அப்புறம் ஏம்மா அந்தப் போனை நிறுத்திட்டாக? எம்மேல என்னமோ கோவம்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அடுப்பில் பால் பொங்குகிறது என்று பொய் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நேற்றிலிருந்து அவள் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறாள். எடுக்கப் பயமாக இருக்கிறது.