கொழுந்தை முதலில் வாட்ட வேண்டும்

3.3.1986, பதுளை

ஆங்கிலத்தில் ‘புரோசெஸ்’ என்று ஒரே வினை. தேயிலையையும் ‘புரோசெஸ்’ செய்கிறார்கள், விண்ணப்பத்தையும் செய்கிறார்கள், கம்ப்யூட்டரில் தரவையும் செய்கிறார்கள். தமிழில் பதப்படுத்து, பரிசீலி, மூன்றாவதற்கு இன்னும் தேடுகிறேன்.

நான் படிப்பிக்கும் டியூட்டரி முதலாளி பலீல் நானாவுக்குச் சிரிப்பு. “ஒரு சொல்லுக்கு மூணா? புள்ளயள் கொழம்பிப் போகும் டீச்சர். கம்ப்யூட்டருக்கு இங்கிலீசு வகுப்பே போதும்.”

குழம்பாது. பன்னிரண்டு வருடம் வர்த்தகம் படிப்பித்தவள் சொல்கிறேன்.

8.3.1986

தமிழில் கம்ப்யூட்டர் வகுப்புக்கு இலவச முன்னோட்டம். முப்பது பேர், பாதிப்பேர் தோட்டத்துப் பிள்ளைகள். தேயிலையை உதாரணம் காட்டினேன்: கொழுந்தை அடுப்பில் காயவைத்து, பிறகு உருட்டி...

சிரிப்பு. நமுனுகுல தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் கருப்பம்மா எழுந்தாள். “காஞ்ச கொழுந்த உருட்டுனா நொறுங்கிப் போகுங்க. மொதல்ல வாட்டணும். அடுப்பு கடைசியிலதாங்க.”

நாலு பேர்தான் பதிந்தார்கள். அடுத்த சனிக்குள் பத்துப் பேர் சேராவிட்டால் தமிழ் வகுப்பு இல்லை என்கிறார் பலீல் நானா. பிறந்ததிலிருந்து பதுளையில் தேத்தண்ணி குடிக்கிறேன், ஒரு தொழிற்சாலைக்குள் எட்டிப் பார்த்ததில்லை! வெட்கமாக இருக்கிறது. விடுவேனா?

12.3.1986

நமுனுகுல போனேன். கருப்பம்மா தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கரிடம் அனுமதி கேட்டு உள்ளே கூட்டிப்போனாள். வாடிய கொழுந்தை இறுகப் பிடித்துப் பார்த்தேன், ஒடியவில்லை. வாட்டினால்தான் உருட்டலாம், உருட்டினால்தான் சிவக்கும், சிவந்த பிறகுதான் அடுப்பு. ஒவ்வொரு வேலையும் அடுத்த வேலைக்கு வழி செய்கிறது. விண்ணப்பமும் அப்படித்தான், தரவும் அப்படித்தான். சொல் மூன்றாக இருந்துவிட்டுப் போகட்டும்.

15.3.1986

இன்னொரு முன்னோட்டம். முதலில் என் பிழையை ஒப்புக்கொண்டேன். பிறகு கருப்பம்மா சொல்லச் சொல்லப் பலகையில் எழுதினேன். அடுத்துக் கம்ப்யூட்டரில் பரீட்சைப் புள்ளிகள்: உள்ளிடு, கூட்டு, மொத்தப்படி வரிசைப்படுத்து, அச்சிடு. ஒருவன் கூட்டுமுன் வரிசைப்படுத்தினான். “காஞ்ச கொழுந்து!” என்று வகுப்பே கத்தியது.

பதினாறு பேர் பதிந்தார்கள். ஆகா!

17.3.1986

தடிமன், மூக்கு ஒழுகுகிறது. ஆனாலும் பாடக்குறிப்பு முடிந்தது.

22.3.1986

முதல் வகுப்பு. கடைசி வாங்கில் பலீல் நானா. என்னை வேவு பார்க்க வந்திருக்கிறார் என்று எரிச்சலாக இருந்தது. வகுப்பு முடிந்து எல்லோரும் போகும்வரை அவர் எழும்பவில்லை. கையில் புதுக் கொப்பி, இரண்டு பக்கம் நிறைய எழுதியிருந்தார்.

“இங்கிலீசு கம்ப்யூட்டர் வகுப்புல மூணு மாசம் குந்தினேன், டீச்சர். ஒண்டுமே வெளங்கல்ல. ஆருக்கும் சொல்ல வாணாம்.”