ஜனவரிக்குக் காத்திருந்த நெஞ்சுவலி

நெப்ராஸ்கா
டிசம்பர் 28

அன்பு மகள் மார்லாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை டாடும் குழந்தை ஓவனும் அந்த அரிசோனா வெயிலில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் நன்றாக இருக்கிறேன், அப்பா இருக்கிறார், இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும். அப்பாவுக்கு ஆப்பரேஷன் முடிந்ததைப் போனில் சொன்னேன், ஆனால் பக்கத்தில் கட்டிலில் அவர் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கும்போது மற்றதைச் சொல்ல முடியவில்லை. அதோடு நவம்பரில் நன்றித் திருநாள் விருந்தன்றைக்கு நீ கேட்ட கேள்விக்கும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை. டாடின் புது வேலையில் இரண்டு மருத்துவக் காப்பீடு வைத்திருக்கிறார்கள், எதில் கையெழுத்துப் போடுவது என்று கேட்டாய். ஜனவரி பத்துக்குள் சொல்லியாக வேண்டும் என்றாய். இரண்டுக்கும் சேர்த்தே இந்தக் கடிதம்.

போன செவ்வாய்க்கிழமை நான் பழைய வண்டிச் சாமான் விற்கிற நம் யார்டில் ஒரு பழைய டிராக்டரின் கியர் பெட்டிக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன், அப்பா பாங்குக்குப் போகிறேன் என்று கிளம்பியிருந்தார். அப்போது நம் வாடிக்கைக்காரர் வெர்ஜில் போன் செய்தார். அவர் பெண்டாட்டி ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் வேலை பார்க்கிறாள் என்பது உனக்குத் தெரியுமே. “டார்லீன், உன் வீட்டுக்காரன் வண்டி ஆஸ்பத்திரி வாசல்ல இஞ்சின் ஓட நிக்குதாம். என்ன, டீசல் சும்மா குடுக்குறாங்களா?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே, நான் கோட்டுகூடப் போடாமல் ஓடினேன். வண்டி நிறுத்துமிடத்தின் கடைசி மூலையில், தள்ளிக் குவித்த பனிமேட்டுக்குப் பக்கத்தில் அப்பாவின் பிக்கப் வண்டி நின்றது. சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல், ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, எதிரே அவசரப் பிரிவு என்ற சிவப்பு எழுத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த ஊரில் இப்படி உட்கார்ந்த ஆள் அவர் ஒருவரில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் நம் வீட்டு ஆள் உட்காரும்போது வேறு மாதிரி இருக்கிறது மார்லா.

கதவைத் திறந்ததும், “கத்தாத டார்லீன், வலி போயிடுச்சு. ஜனவரி ரெண்டாம் தேதி வந்து காட்டிக்கிறேன்” என்றார். ஏன் ஜனவரி என்று கேட்டால் கணக்குச் சொல்கிறார். நம்முடைய காப்பீட்டில் வருஷத்துக்கு முதல் ஆறாயிரம் டாலர் நம் கைக்காசு, அதைத் தாண்டினால்தான் கம்பெனி கொடுக்கும், வருஷம் பிறந்தால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். “இப்ப உள்ள போனா டிசம்பருக்கு ஒரு ஆறாயிரம், மிச்ச வைத்தியத்துக்கு ஜனவரியில இன்னொரு ஆறாயிரம். ஒன்பது நாள் பொறுத்தா ஒண்ணோட போயிடும். ஒரே சாமானுக்கு ரெண்டு தடவை காசு குடுக்காதேன்னு நீதான சொல்லுவ?” என்று என் வாயையே எனக்குத் திருப்பிக் கொடுத்தார். முப்பது வருஷமாக யாவாரம் செய்கிற புத்தி, உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் அந்தக் கணக்கைச் சரிபார்த்தது. கணக்கில் தப்பே இல்லை. அப்போதுதான் குனிந்து பார்த்தேன். அவர் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே பனியில் சூரியகாந்தி விதைத் தோல் குவிந்து கிடந்தது. மேலே கிடந்தது புதுசு, ஈரம்கூடக் காயவில்லை. காலால் கிளறினால் ஞாயிற்றுக்கிழமை பெய்த பனிக்கு அடியிலும் தோல், உறைந்து கெட்டியாக. அத்தனை நாளும் பாங்குக்குப் போகிறேன், போஸ்ட் ஆபீஸுக்குப் போகிறேன் என்று இந்த மனுஷன் இங்கே வந்து கொறித்துக்கொண்டு வலியை வேடிக்கை பார்த்திருக்கிறார். சாவியைப் பிடுங்கினேன். “எறங்குறியா, இல்ல உள்ள போயி ஸ்ட்ரெச்சரோட நாலு பேரைக் கூட்டிட்டு வரவா?” என்றேன். ஸ்ட்ரெச்சருக்குத் தனியாகக் காசு போடுவார்கள் என்று பயந்தே இறங்கி நடந்தார்.

இதயத்தில் மூன்று குழாய் அடைப்பு. முதல் வலியிலேயே வந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று டாக்டர் அம்மாள் சொன்னாள். இதயத்தில் ஒரு பக்கம் செத்துவிட்டது, அது திரும்பாதாம். இனிமேல் இஞ்சின் தூக்குகிற வேலை கிடையாது, மாடிப்படியே நின்று நின்றுதான் ஏற வேண்டும். உனக்குப் போனில் சொல்லாதது இதுதான். அவருக்கும் இன்னும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

இப்போது உன் விஷயம். இரண்டில் ஒன்று நம்முடையதைப் போலத்தான், முதல் சில ஆயிரம் கைக்காசு; ஆனால் மாதம் கட்டுவது குறைவு, டாடின் கம்பெனியே வைத்தியத்துக்கான சேமிப்புக் கணக்கில் ஆயிரம் போடுகிறது, வரி கிடையாது, செலவழிக்காத பணம் வருஷம் போனாலும் நம்முடையது. காகிதத்தில் பார்த்தால் லாபம், நம் யார்டுக்கும் அதைத்தான் நான் எடுத்தேன். ஆனால் ஒன்று யோசி, நம் சேமிப்புக் கணக்கில் இரண்டு ஆறாயிரத்துக்கும் மேலேயே பணம் கிடக்கிறது. இல்லாத கொடுமையால் அப்பா அங்கே உட்காரவில்லை. அது வளர்வதைப் பார்த்துப் பார்த்து அவருக்குத் தொட மனசு வரவில்லை. வலித்த அன்றைக்கே யோசிக்காமல் உள்ளே போகிற ஆளுக்கு இது நல்ல சரக்கு. நீ அந்த ஆள் இல்லை மார்லா, நீ அப்பா பெண். அக்டோபரில் ஓவனுக்கு மூச்சிழுப்பு வந்தபோது சனி, ஞாயிறு இரண்டு ராத்திரியும் குளியலறையில் வெந்நீர் ஆவியில் அவனை மடியில் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை கிளினிக் திறக்கட்டும், அவசரப் பிரிவு என்றால் கொள்ளைக் காசு என்று காத்திருந்ததாக நீயே பெருமையாகச் சொன்னாய். அன்றைக்கு நானும் உன்னைக் கெட்டிக்காரி என்றுதான் நினைத்தேன். டாடோ பெட்ரோல் தீரப்போகிறது என்று விளக்கு எரிந்த பிறகும் ஐம்பது மைல் ஓட்டுகிறவர். உங்கள் இரண்டு பேர் கையில் இந்தக் காப்பீடு வேண்டாம். மாதம் கூடுதலாகக் கட்டினாலும், முதலிலிருந்தே கம்பெனி கொடுக்கிற மற்றதையே எடு. அந்த அதிகப்படியை நஷ்டம் என்று எழுதாதே, ராத்திரியில் யோசிக்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குக் கொடுக்கிற விலை என்று எழுது. கட்ட முடியாத மாதம் எனக்குச் சொல், வெட்கப்படாதே.

எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருங்கள், ஓவனுக்கு என் முத்தம். பத்தாம் தேதியை மறந்துவிடாதே. இன்னொன்று, மயக்கம் தெளிந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, “இன்னிக்கு என்ன தேதி?” ஜனவரி இரண்டு என்று சொல்லிவிட்டேன். “அப்பப் பரவாயில்ல” என்று நிம்மதியாகக் கண்ணை மூடினார். நர்ஸ் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு சுவரில் இருந்த காலண்டரை முகம் தெரியாதபடி திருப்பி மாட்டினாள். எழுந்து உட்காரும் வரை அப்படியே இருக்கட்டும். நீ பேசும்போது தேதியைச் சொல்லிவிடாதே.

உன் அம்மா,
டார்லீன்