தறிக்குழியில் அதிரச டப்பா

மரகதத்தின் நைனாவுக்கு,

விடியற்காலையில் நீங்கள் கால் விட்டு நெய்யும் தறிக்குழிக்குள் டமாரென்று டப்பா விழுந்ததே, அது எலி செய்த வேலை இல்லை. ஓடி வந்து பார்த்தால் நீங்கள் தூங்குவதுபோல் கிடந்தீர்கள், மீசையில் அதிரசத் தூள். மரகதத்துக்குப் பத்து வயதிலேயே மூச்சு வாங்குகிறது, இனிப்பை நிறுத்துங்கள் என்று அரக்கோணம் டாக்டர் சொன்னபோது "ஆங், ஆங்" என்று தலையாட்டிவிட்டு, எனக்குத் தெரியாமல் ஒளித்துவைத்து அவளுக்கும் கொடுத்திருக்கிறீர்கள்.

அதிரசம் முழுவதையும் எதிர்வீட்டு எருமைக்கு வைத்துவிட்டேன். இனி அவளுக்கு என்னவோ அதுதான் உங்களுக்கும். கேழ்வரகுக் களியும் கீரையும் அடுப்படியில் இருக்கின்றன. மதியம் வரும் உங்கள் அக்காவுக்கும் அதையே போடுங்கள். என் பெண்ணை அரிசி மூட்டை என்ற வாய்க்கு அது போதும்.

நானும் அவளும் மலைக்கோயில் படி ஏறப் போகிறோம். நாளை முதல் அவளோடு நீங்கள்தான் ஏறவேண்டும். பாதியில் உட்கார்ந்தால் ஊரே பார்த்துச் சிரிக்கட்டும்.

கோமளவல்லி

பி.கு.: ஏன்டி வாங்கித் தின்றாய் என்று அவளை அடிக்கக் கை ஓங்கினேன். அவள் சொன்னது இது:

"நான் துன்னும்போதுதாம்மா நைனா தறிய நிறுத்திட்டு என்னாண்ட பேசுறாரு."