தீவிரமா, குடும்பமா

மார்ச் 3
மழை. என் கடைக்குப் பழைய டிராக்டர் பார்க்க வந்தவன் தன் வண்டியை விட்டு இறங்காமலே போய்விட்டான்.

என் கணவன் ராய்ஸுக்கு இரண்டு படிப்பிலும் இடம் கிடைத்துவிட்டது. இருபதாம் தேதிக்குள் ஒன்றைச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் நம் ஊர் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நர்ஸ். முடித்தால் நர்ஸ் பிராக்டிஷனர், அவனே நோயாளியைப் பார்த்து மருந்து எழுதலாம். 'குடும்பம்' என்ற பிரிவில் பச்சைக் குழந்தை முதல் கிழவர் வரை எல்லோரும் உண்டு. பாடமெல்லாம் சர்க்கரை, இருமல், ரத்த அழுத்தம். 'தீவிரம்' என்றால் பெரியவர்கள் மட்டும்; சாகக் கிடப்பவரை இழுத்துப் பிடிக்கும் வித்தை.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"அவசரப் பிரிவுக்காரனுக்கு இருமல் படிப்பு எதுக்குடா?" என்றேன்.

"சரிங்க முதலாளி," என்றான். சிரிக்கவில்லை.

மார்ச் 9
இன்னும் பதில் அனுப்பவில்லை. கேட்டால் எழுந்து நாய்க்குச் சோறு வைக்கப் போகிறான். நாய் பெருத்துவிட்டது.

மார்ச் 14
வேலையிலிருந்து வந்தவன் காரிலேயே உட்கார்ந்திருந்தான். நானே போய்க் கதவைத் திறந்தேன்.

மூச்சுத் திணறலோடு ஒரு சின்னப் பெண் குழந்தை. டாக்டர் விபத்துக் கேஸில் மாட்டிக்கொண்டார். இருந்தது கீத் மட்டும் — தீவிரம் படித்து முடித்த நர்ஸ் பிராக்டிஷனர். கட்டில் திரை ஓரமாகவே நின்றானாம்.

"மருந்து என் கையில, கிளெண்டா. எழுத வேண்டியவன் பக்கத்துலயே நிக்கறான். குழந்தைக்கு அவன் எழுதக் கூடாது. நான் ஆக்சிஜனைப் பிடிச்சுக்கிட்டு கதவையே பாத்துக்கிட்டிருந்தேன்."

டாக்டர் ஓடி வந்தார். குழந்தை பிழைத்தது.

அப்படியானால் என் யோசனை? எதை நம்பிச் சொன்னேன் நான்?

மார்ச் 16
ராய்ஸ் பிரிவின் தலைமை நர்ஸ் நடீன் புல்வெட்டிக்குக் கத்தி வாங்கக் கடைக்கு வந்தாள். டிராக்டர் வாங்க வருபவனிடம் முதலில் அவன் நிலத்தைத்தான் விசாரிப்பேன். அவளிடமும் அதையே கேட்டேன்: உங்கள் வாசலில் யார் யார் வருகிறார்கள்?

"யார் வரலன்னு கேளு! காதுவலி, பிரசவவலி, மூக்குல பட்டாணி..."

"தீவிரம் படிச்சவங்க?"

"ஒமாஹா மாதிரிப் பெரிய ஊர்ல அவங்களைத் தங்கமாத் தாங்குவாங்க. அங்க குழந்தைங்களுக்குத் தனி ஆஸ்பத்திரி. இங்க கீத்துக்குத் துணையா ஒரு டாக்டரையும் நிறுத்தணும். நீங்கதான் ஒமாஹா கிளம்பறீங்களே! உனக்கு ஊர் அலுத்துப்போச்சுன்னு ராய்ஸ் சொன்னானே?"

தவறான கத்தியை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மாற்ற வருவாள்.

அதே நாள், சாப்பாட்டுக்குப் பின்
"யாருடா சொன்னது எனக்கு ஊர் அலுத்துதுன்னு?"

"நீதான். தீவிரம், தீவிரம்னு ஒத்தக்கால்ல நின்னியே. அதுக்கு வேலை ஒமாஹாவுலன்னு தெரியாமயா நின்ன?"

"பேரைப் பாத்துச் சொன்னேன்டா!"

சிரித்தான். பாதியில் நிறுத்திவிட்டான்.

"குடும்பம் மட்டும் படிச்சா, மூச்சு நின்னு வர்றவன் முன்னாடி முழிப்பேன். அதுக்கு மேல அவசரச் சிகிச்சைக்குன்னு இன்னொரு வருஷம் படிக்கணும். வீட்டுல என் முகத்தையே பாக்க மாட்ட."

"படி. டிராக்டர் முகத்தைப் பாத்துக்கறேன்."

தைரியமாகத்தான் சொன்னேன். ஆனால் அந்த ஒரு வருடத்தை முடிக்கும்வரை, யாராவது அவன் கையில்...

மார்ச் 19
குடும்பம் என்று அனுப்பிவிட்டான். அனுப்பியபின் கணினித் திரையையே வெறித்துக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 12
வகுப்பு தொடங்கிவிட்டது. சமையலறை நாற்காலியில் என்னை உட்காரவைத்துக் காதுக்குள் விளக்கடித்துப் பார்க்கிறான். உதவட்டுமே என்று சிலைபோல் இருந்தேன்.

"இப்படி இருந்தா எனக்கு என்ன பழக்கம் வரும்? உனக்கு நாலு வயசு. உதை, கத்து, கடி."

உதைத்தேன். கத்தினேன்.

அவன் விளக்கை விடவில்லை.