நான் மாற்றிப் போட்ட வயர்கள்

அன்பு சாலமன்,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் அடக்கத்துக்கு நான் வரவில்லை. தாம்பரம் மேம்பாலத்தில் மாட்டிக்கொண்டேன் என்று உன் மனைவி பியூலாவிடம் சொன்னேன். பொய். சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் பியூலா போன் செய்தாள். காட்டாங்குளத்தூரில் கடைசி வருஷம் படிக்கும் உன் மகள் ரூத், ப்ராஜெக்டுக்கு நம் கல்லூரி ஆய்வகத்தில் கிடக்கும், நாம் இருவரும் செய்த அந்தப் பட்டையைக் கேட்கிறாளாம்.

"நீங்களே வேணாம்னு சொல்லிடுங்கண்ணா. அவங்க அப்பாவுக்கே அது வரல. என் கையாலதான் கெட்டுதுன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தாரு. இவளும் போய் அவமானப்படணுமா?"

"பேசறேம்மா" என்றேன்.

கடைசி வரைக்குமா சொன்னாய்?

மூன்றடி அலுமினியப் பட்டை. இரு முனையிலும் மின்சாரம் கொடுத்தால் அதிரும் ஒவ்வொரு அதிர்வி. ஒன்றை இயக்கினால் அலை மறுமுனைக்குப் போய் மோதித் திரும்பும். போவதும் வருவதும் கலந்து நின்றுபோகும். மேலே வைத்த பித்தளைத் துண்டு, பட்டையோடு நகர்ந்து போக வேண்டியது, இருந்த இடத்திலேயே நடுங்கும். மறுமுனை அலையைத் திருப்பி அனுப்பாமல் விழுங்க வேண்டும் என்று கண்டுபிடித்தவன் நீ. அந்த முனையில் ஒரு மின்தடையை இணைத்து, அளவை மாற்றி மாற்றி மூன்று மாதம் உட்கார்ந்தாய்.

நான் விடைத்தாள் திருத்தப் போயிருந்த நாளில்தான் அது பலித்தது. போனில் கத்தினாய்: "மச்சான், நடக்குதுடா! தாம்பரம் மார்க்கெட்டுல ஆளுங்க போற மாதிரி இடிச்சு இடிச்சு நடக்குது!"

எந்தப் பக்கம் நடக்கிறது என்று நான் கேட்கவில்லை.

பார்வையிடும் குழு வந்த அன்று அவர்களை அழைத்துவர நீ வாசலுக்குப் போனாய். நான் தனியாக ஓட்டிப் பார்த்தேன். அலை வலப்பக்கம் போனது. துண்டு இடப்பக்கம் வந்தது. அறிக்கையில் 'அலையின் திசையில்' என்று எழுதியவன் நான். எனவே தப்பு உன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். இரு முனை இணைப்புகளையும் இடம் மாற்றினேன். வலது முனைக்கென்று நீ அளந்து வைத்த மின்தடை, அது பொருந்தாத இடது முனைக்குப் போயிற்று; அலை மறுபடி மோதித் திரும்பியது.

குழுவின் கண்முன்னே துண்டு நின்ற இடத்திலேயே நடுங்கியது. "என்ன சார், டவுன் பஸ் மாதிரி உறுமுது, கெளம்ப மாட்டேங்குது?" என்றார் குழுவில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"வயரிங் எல்லாம் சாலமன் சார் பார்த்தது" என்றேன்.

நீ குனிந்து பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். "சாரி சார், என் மிஸ்டேக்தான்" என்று அவர்களிடம் சொன்னாய். தெரிந்துதான் என்னைக் காப்பாற்றினாயா? இல்லை, உன் கையையே சந்தேகப்பட்டாயா? பியூலா பேசியதிலிருந்து, இரண்டாவதாக இருந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அலையின் முகடு தன்மேல் இருப்பதைப் பின்னோக்கித்தான் தள்ளும்; துண்டு இடப்பக்கம் வந்ததுதான் சரி, தப்பு என் அறிக்கையில். அன்று மாலையே புத்தகத்தில் பார்த்தேன். பார்த்துவிட்டு மூடி வைத்தேன்.

நீ சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலைக்குப் போனபோது, பாதியில் விட்டு ஓடினான் என்று எல்லோரிடமும் சொன்னேன். பதவி உயர்வைத் தடுத்தவன், கல்யாணத்துக்கு அழைக்காதவன் என்று எனக்கு ஒரு பெரிய விரோதிப் பட்டியல் உண்டு. அதில் உன்னை முதலில் வைத்தேன். உன்மேல் கோபமாக இருந்த வரைக்கும் என் கை செய்தது எனக்கு ஞாபகம் வரவில்லை.

நேற்று இணைப்புகளைப் பழையபடி மாற்றினேன். மின்தடைமேல் 'வலது' என்று உன் கையெழுத்தில் ஒரு சீட்டு. அன்றும் அது இருந்தது, நான் படித்தேன். சுவிட்சைப் போட்டதும் துண்டு நடந்தது, சாலமன். இத்தனை வருஷம் கழித்தும் நடந்தது.

சனிக்கிழமை மேடவாக்கத்தில் உன் வீட்டுக்குப் போகிறேன். பியூலாவையும் ரூத்தையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்வேன்: மாற்றியது நான், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது நான், அவள் அப்பா செய்தது சரி. ரூத் அதன்பிறகு என்னை அங்கிள் என்று கூப்பிடாமல் போகலாம். பட்டையை அவள் எடுத்துக்கொள்ளட்டும்.

சொல்லும்போது 'அவசரத்தில்' என்ற வார்த்தையைச் சேர்க்க மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

நீ மச்சான் என்று கூப்பிட்ட
ரகுராமன்