வலையை விட்டவர்களின் வீடு

வோக்ஸ்யா,
5 பிப்ரவரி 1984

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கிறிஸ்துமஸ் கடிதத்துக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. ஜனவரி முழுக்கப் பயணிகள் படகின் சிற்றுண்டிக் கடையில் இரண்டு பேர் வேலையை ஒருத்தியே பார்த்தேன். நாள் முழுக்க ஸ்வேலெ அப்பம் சுட்டு, வெண்ணெய் தடவி, மடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் பேனாவைத் தொடத் தோன்றுவதில்லை.

இப்போது ஒரு காரியமாக எழுதுகிறேன். எங்கள் ஜெபவீட்டில் ஞாயிறு பள்ளி நடத்திவந்த குன்வோர் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். வசந்தம் முடியும்வரை நடத்திக் கொடு என்று என்னைப் பிடித்துவிட்டார்கள். “உங்கம்மா மடகாஸ்கர்ல இருபத்திரண்டு வருஷம் இதைத்தானே செஞ்சாங்க. உனக்கு ரத்தத்துலயே இருக்கும்” என்றார் மூப்பர். சரி என்றுவிட்டேன்.

ஒன்பது பிள்ளைகள். ஐந்து வயதிலிருந்து எட்டு வயது வரை. இந்தப் பருவத்துப் பாடம் இயேசுவின் சீஷராய் இருப்பது. சீஷன் என்றால் என்ன என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? உங்களைவிட இது தெரிந்தவர் எனக்கு யாரும் இல்லை.

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

துரிட்


ஸ்டவாங்கர்,
13 பிப்ரவரி 1984

கர்த்தருக்குள் பிரியமான மகள் துரிட்டுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீயாக என்னிடம் ஒன்றைக் கேட்டு எழுதியது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். முழங்கால் பழையபடிதான். அதை விடு.

சின்னப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லாதே. சீஷன் என்றால் கூட நடக்கிறவன், அவ்வளவுதான். உன் பின்னால் எல்லாரையும் வரிசையாக நடக்க விடு. நீ நின்றால் நிற்கட்டும், குனிந்தால் குனியட்டும். சிரிப்பார்கள். அப்புறம் உட்கார வைத்து, நாலு மீனவர்கள் இயேசு கூப்பிட்டதும் வலையை விட்டுவிட்டு அவர் பின்னால் போன கதையைச் சொல். துணிப் படங்களை ஒட்டிக் காட்டும் என் ஃபிளானல் பலகையைத் தனிப் பார்சலில் அனுப்புகிறேன். படகு, வலை, ஆட்கள் எல்லாம் உறைக்குள் இருக்கின்றன. யாக்கோபின் தலை பிய்ந்துவிட்டது, ஒட்டிக்கொள்.

பத்து நிமிடத்துக்கு மேல் பேசாதே. நல்ல பிள்ளையாய் இரு என்று புத்தி சொல்லாதே. அது சீஷத்துவம் ஆகாது. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேள்: ‘இயேசு கூப்பிட்டா நீ எதை விட்டுட்டுப் போவே?’ ஒவ்வொரு பிள்ளையும் ஒன்று சொல்லும். அதற்காக ஜெபித்து வீட்டுக்கு அனுப்பிவிடு. எனக்கு இது ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

உன் தாய்,
ஓஸ்லாக்


வோக்ஸ்யா,
27 பிப்ரவரி 1984

அன்புள்ள அம்மாவுக்கு,

பலகை பத்திரமாக வந்தது. யாக்கோபின் தலையை ஒட்டிவிட்டேன். கொஞ்சம் கோணலாகத் திரும்பியிருக்கிறார்.

நேற்று நீங்கள் சொன்னபடியே செய்தேன். என் பின்னால் நடந்தார்கள், சிரித்தார்கள், கதையையும் நன்றாகக் கேட்டார்கள். இங்கே பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் கடலில்தான் இருக்கிறார்கள், அதனால் வலையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எதை விட்டுவிட்டுப் போவாய் என்று கேட்டேன். ஒருத்தன் பனிச்சறுக்குக் கட்டையை என்றான். அவன் தம்பி வேகவைத்த காட் மீனை என்றான், அது அவனுக்குப் பிடிக்காதாம்.

சில்யே என்று ஒருத்தி, ஆறு வயது. பலகை அருகே வந்து, படகில் தனியாக இருந்த யாக்கோபின் அப்பா செபெதேயுவைத் தொட்டு, “இந்தத் தாத்தா இனி எப்படி வலை இழுப்பாரு? எங்கப்பா படகுலயே நாலு பேரு வேணும்” என்றாள். கூலியாட்கள் இருந்தார்கள் என்றேன். யோசித்தாள். “அந்த மீன்காரங்களுக்குப் பிள்ளைங்க இருந்தாங்களா, துரிட் அத்தை?”

“இருந்திருக்கலாம்.”

“அவங்ககிட்ட சொல்லிட்டுப் போனாங்களா?”

ஜெபித்துவிட்டு வகுப்பை முடித்தேன். அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். மடகாஸ்கரில் பிள்ளைகள் இதைக் கேட்டபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்?

துரிட்


ஸ்டவாங்கர்,
8 மார்ச் 1984

பிரியமான துரிட்,

பாடம் நன்றாக நடந்ததில் சந்தோஷம். அங்கே யாரும் அப்படிக் கேட்டதில்லை. வேதத்தில் சொல்லாததைப் பற்றி ஆசிரியர் ஊகித்துப் பேசக் கூடாது. கூப்பிட்டவர் பின்னால் இருப்பவர்களையும் பார்த்துக்கொள்வார் என்று சொல், பிள்ளைகளுக்கு அது போதும். எல்லா வகுப்பிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கும். அதன் பின்னாலேயே போனால் மற்ற எட்டுப் பேரையும் விட்டுவிடுவாய்.

நீ அந்த வயதில் இப்படியெல்லாம் கேட்டதே இல்லை. துறைமுகத்தில் எங்களை வழியனுப்பும்போதுகூட நீ அழவில்லை. மற்ற மிஷனரிகளின் பிள்ளைகள் கத்தி அழுதார்கள். தைரியமான பிள்ளை என்று உன் அப்பா கப்பலில் எத்தனை தடவை சொன்னார் தெரியுமா. மிஷனரிப் பிள்ளைகளின் விடுதியிலிருந்து நீ எழுதிய கடிதங்களும் அப்படித்தான். எல்லாம் என்னிடம் இருக்கின்றன.

இங்கே ஒரே மழை.

உன் தாய்,
ஓஸ்லாக்


வோக்ஸ்யா,
19 மார்ச் 1984

அம்மாவுக்கு,

அந்தக் கடிதங்களைப் பற்றி நீங்களே பேச்சை எடுத்ததால் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் எங்களை மேசையில் உட்கார வைப்பார்கள். விடுதி அம்மா கரும்பலகையில் எழுதுவார்: ‘அன்புள்ள அப்பா அம்மாவுக்கு, நான் நலமாகவும் மகிழ்ச்சியாகவும் இருக்கிறேன்.’ அதைப் பார்த்து எழுதிவிட்டு, கீழே நாங்கள் ஏதாவது சேர்க்கலாம். சேர்த்ததை அவர் படிப்பார். பிடிக்காததை ரப்பரால் அழித்துவிட்டுத் திருப்பித் தருவார். “அம்மா வருத்தப்பட்டா அங்கே ஊழியம் கெட்டுப்போகும். உன்னாலதான் கெட்டுப்போச்சுன்னு இருக்கணுமா?” என்பார். அவர் கொடுமைக்காரர் அல்ல. இருபத்தாறு பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்தார்.

துறைமுகத்தில் நான் அழாததற்குக் காரணம், நீங்கள் திரும்பி வரப் பல வருஷமாகும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. சாயங்காலம் வந்துவிடுவீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது ஏழு வயது. நீங்கள் முதல் விடுப்பில் திரும்பி வந்தபோது பதினாலு. அன்று உங்களுக்குக் கை கொடுத்து வணக்கம் சொன்னேன், நினைவிருக்கிறதா?

உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. சில்யேவுக்கு நீங்கள் சொன்ன பதிலைச் சொல்ல என்னால் முடியவில்லை, அதற்குக் காரணம் சொல்கிறேன். மூன்று ஞாயிறாக நல்ல சமாரியன் கதையைச் சொல்லி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அவளும் ஒவ்வொரு ஞாயிறும், “கண்டுபிடிச்சிட்டீங்களா?” என்கிறாள்.

துரிட்


ஸ்டவாங்கர்,
30 ஏப்ரல் 1984

துரிட்,

ஆறு வாரமாகப் பதில் இல்லையென்று நீ என்ன நினைத்தாயோ. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இதைத் திரும்பப் படிக்காமல் தபாலில் போடப் போகிறேன்.

உன் கடிதப் பெட்டியைத் திறந்தேன். முந்நூறுக்கு மேல் இருக்கின்றன. எல்லாம் ஒரே வரியில்தான் ஆரம்பிக்கின்றன. அழித்த இடங்களும் இருக்கின்றன. ஜன்னல் பக்கம் பிடித்தால் எழுத்து தெரிகிறது. ஒன்றில் ‘எப்ப வருவீங்க’ என்று இருக்கிறது. இதை நான் இப்போதுதான் கண்டுபிடித்தேன் என்று சொல்லலாம், நீயும் நம்புவாய். ஆனால் கடிதம் வந்த அன்றைக்கே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். படித்துவிட்டு மடித்து வைத்தேன். அன்று மதியம் எனக்கு வகுப்பு இருந்தது.

அங்கே யாரும் கேட்டதில்லை என்று உனக்கு எழுதினேன். அது பொய். முதல் வருஷமே ஒரு சிறுமி, “உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?” என்று கேட்டாள். அதே மீனவர் பாடத்தின்போதுதான். இருக்கிறாள் என்றால் எங்கே என்று கேட்பாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். ஒரு தடவை சொன்னபிறகு மாற்ற முடியவில்லை. அந்த ஊரை விட்டு வரும்வரை நான் பிள்ளையில்லாதவள். உன் அப்பாவுக்குத் தெரியும். ஊர்ப் பெண்கள் எனக்காக இரங்கினார்கள். ஒரு நாள் பத்துப் பன்னிரண்டு பேர் வீட்டுக்கு வந்து, என் தலையில் கை வைத்து, இவளுக்கு ஒரு பிள்ளையைக் கொடும் என்று ஜெபித்தார்கள். நானும் அவர்கள் நடுவில் முழங்காலில் நின்று, கண்ணை மூடி, ஆமென் சொன்னேன். உனக்கு அப்போது ஒன்பது வயது.

மன்னிப்புக் கேட்க எனக்கு எந்த வார்த்தையும் சரியாக வரவில்லை. அதனால் சில்யேவுக்கு மட்டும் பதில் தருகிறேன். மாற்கு முதல் அதிகாரத்தில் வலையை விட்ட இடத்திலேயே நான் எப்போதும் நிறுத்திவிடுவேன். அந்தப் பாடப் படங்களும் அங்கேயே முடிந்துவிடும். இன்னும் கொஞ்சம் தள்ளிப் படித்தால், அந்த நாலு பேரும் இயேசுவோடு எங்கே போகிறார்கள் தெரியுமா? அவர்களில் ஒருவனான பேதுருவின் வீட்டுக்கு. அவனுடைய மாமி, அவன் மனைவியின் தாய், காய்ச்சலில் படுத்திருக்கிறாள். இயேசு கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார். கூப்பிட்டவர் அவர்களை ஜெப ஆலயத்திலிருந்து நேரே வீட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனார். எத்தனையோ தடவை அதைப் படித்திருக்கிறேன், துரிட். பிள்ளைகளுக்கு ஒரு தடவையும் சொல்லவில்லை.

ஓஸ்லாக்


வோக்ஸ்யா,
14 மே 1984

அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அதற்கு மேல் அதைப் பற்றி இப்போது எழுத எனக்கு வரவில்லை, எழுத முயற்சி செய்யவும் போவதில்லை.

நேற்று மீனவர் கதையை மறுபடி சொன்னேன், இந்தத் தடவை வீடு வரைக்கும். உங்கள் உறையில் வீடு இல்லை. ஒரு மஞ்சள் துணியில் நானே வெட்டி ஒட்டினேன். மாமி எழுந்து உட்கார்ந்ததும் பிள்ளைகளுக்கு நிம்மதி. சில்யே மட்டும் கையைத் தூக்கினாள்.

“அப்ப, யாருக்காவது காய்ச்சல் வந்தாத்தான் வீட்டுக்கு வருவாங்களா?”

“தெரியலை, சில்யே” என்றேன்.

“எங்கப்பா சும்மாவே வருவாரு. வெள்ளிக்கிழமை.” அவளுக்கு அது போதுமாக இருந்தது. போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஜூன் 3 கடைசி வகுப்பு. பெற்றோரும் வருவார்கள். பாட்டு, காப்பி, நான் சுடும் ஸ்வேலெ. நீங்கள் வருவதானால் சனிக்கிழமை மதியம் ஒரு மணிப் படகில் ஏறுங்கள். எனக்கு அன்று வேலை இல்லை. இந்தப் பக்கத் துறையில் நிற்பேன். படுக்கை மாடியில் இருக்கிறது. உங்கள் முழங்காலுக்குக் கஷ்டம் என்றால் கீழே போட்டுத் தருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் உங்களைச் சுற்றிக்கொண்டு நீங்கள் யார் என்று கேட்பார்கள். நான் எதுவும் சொல்லி வைக்கவில்லை. நீங்களே சொல்லுங்கள்.

துரிட்