கிடாய் வேண்டாத சாமி

பெருமாநல்லூர்
18.7.1964

கந்தப்பனுக்கு அய்யன் எழுதுவது. கவரின்மேல் எபநேசர் என்று எழுதியது தபால்காரருக்காக, எனக்கு நீ கந்தப்பன்தான், கோபித்துக்கொண்டாலும் சரி. ஜாம்ஷெட்பூரில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் முடியவில்லை. உன் ஆத்தாளுக்கு வயிற்றுக் கட்டி முற்றிவிட்டதாம், வீட்டுக்குக் கூட்டிப்போய் வாய்க்குப் பிடித்ததைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. உன் தங்கை மயிலாள் கைக்குழந்தையோடு வந்து பார்த்துக்கொள்கிறாள். தந்தி கொடுக்கலாம் என்றாள், தந்தி என்றால் ஆள் போய்விட்டது என்று பதறுவாயே என நான்தான் தடுத்தேன். நம் பனியன் கம்பெனிப் பக்கம் நான் போகவே இல்லை, உன் மாமன் வேலுமணிதான் ஓட்டுகிறான்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. ஞானஸ்நானம் வாங்கிவிட்டேன், இனிமேல் கருப்பண்ணசாமி பொங்கலுக்கு வர மாட்டேன், விக்கிரகம் வைத்த வீட்டில் தங்க மாட்டேன் என்று எழுதினாயே, அன்றிலிருந்து உன் ஆத்தாள் உன் சாமியைத்தான் கும்பிடுகிறாள். நான் சத்தம் போட்டேன். பையன் அவருகிட்டத்தானுங்க இருக்கறான், அவரு உட்டாத்தானே ஊட்டுக்கு வருவான், அப்ப அவருகிட்டத்தானே கேக்கோணும் என்கிறாள். போன மாசம், நீ வந்து சேர்ந்தால் கிடாய் வெட்டுவதாக அவருக்கே நேர்ந்துகொண்டாள்! கருங்கிடாய் ஒன்றையும் பிடித்துக் கட்டியாயிற்று.

எங்கே வெட்டுவது என்று தெரிய வேண்டுமே, என் தலையெழுத்து, திருப்பூருக்குப் போய்ப் பாதிரியாரை நானே கூட்டிவந்தேன். நல்ல மனுஷன், சிரிக்கவில்லை. அவருக்குக் கிடாய் வேண்டாங்கம்மா, எல்லாருக்காகவும் அவரே தன்னைக் குடுத்துட்டாருங்க என்றார். இவளுக்கு முகம் விழுந்துவிட்டது. அப்ப எதைக் குடுத்துக் கேக்கறதுங்க என்று அழுதாள். கொஞ்சம் பொறுத்து, அவருக்கு ஆத்தா இருந்தாங்களா சாமி என்றாள். இருந்தாங்க, அவரைச் சிலுவையில அடிச்சப்பப் பக்கத்துலயே நின்னாங்க, உசிரு போற நேரத்துலயும் அவங்களைப் பாத்து, சீடர்கிட்ட ஒப்படைச்சுட்டுத்தான் கண்ணை மூடினாருங்க என்றார். இவள் என் பக்கம் திரும்பிப் படுத்தாள். பெத்தவளை நெனச்சவரா, அப்படின்னா எம் பையனை உட்டுருவாருங்க என்று என்னிடம் சொல்லிவிட்டு அப்படியே தூங்கிப்போனாள். வலி வந்த பிறகு அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

அவர் கடவுளா மனுஷனா என்று பேசுமளவுக்கு எனக்குப் படிப்பில்லை. எந்தக் காலத்திலோ எந்தத் தேசத்திலோ செத்தவர் பேரைக் கேட்டு இங்கே ஒருத்தி கண் அயர்கிறாள், அதுவரைக்கும் எனக்குத் தெரிகிறது. நீ வந்தால் திருநீறு பூசச் சொல்ல மாட்டேன், சாமி படம் இல்லாத சரக்கு ரூமில் கட்டில் போட்டு வைக்கிறேன். உன் வேதப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவளுக்குப் படித்துக் காட்டு. ரயிலில் கண்டதைத் தின்னாதே. எந்தச் சாமியானாலும் உனக்குத் துணையிருக்கட்டும், தீர்க்காயுசாய் இரு. லீவு சொல்லிவிட்டு உடனே புறப்படு கண்ணு. அவர் உன்னை இன்னும் விடவில்லை என்று நினைத்து உன் ஆத்தாள் தினமும் அவரிடம் கெஞ்சுகிறாள். அவர் பிடித்துவைக்கவில்லை, அவன்தான் வரவில்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்படிக்கு
உன் அய்யன்
ஆறுச்சாமி